இடுப்பு வலியோடு காய்ச்சலும் இருந்தால் தடவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகுவலி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிஸ்க், நரம்பு, உட்காரும் விதம் எல்லாம் இருந்தது, எங்கள் வீட்டில் நடந்தது மட்டும் இல்லை.

என் அண்ணன் ரப்பர் வெட்டுகிறவர். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். போன மழைக்காலத்தில் தொடையில் ஒரு கட்டி வந்து உடைந்தது, யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து இடது புட்டத்தில் வலி, ராத்திரியானால் குளிரும் காய்ச்சலும். மேடு ஏறி இறங்கியதில் பிடிப்பு என்று நினைத்து, நம் ஊர் வழக்கப்படி எண்ணெய் போட்டுத் தடவினோம், அப்புறம் ஒரு கிளினிக்கில் வலிக்கு ஊசி. அந்த ஊசியில் காய்ச்சலும் சேர்ந்து இறங்கிவிடும், நாங்கள் குணமாகிறது என்றே நம்பினோம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. கட்டிலில் புரண்டு படுக்க ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டிய நிலை வந்தபிறகுதான் வேறு மருத்துவரிடம் போனோம். அவர் அண்ணனை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது காலை வலது முழங்கால் மேல் குறுக்கே மடக்கிப் போட்டு, மடங்கிய முழங்காலை லேசாகத்தான் அழுத்தினார், அண்ணன் அலறிவிட்டார்.

முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் சீழ்! எஸ்.ஐ. மூட்டு என்கிறார்கள். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி கட்டி வழியாக ரத்தத்தில் இறங்கி அங்கே தங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் இது தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், எம்.ஆர்.ஐ.யில் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்தார்கள், ஏனென்றால் மருந்து உள்ளே போனபின் கிருமி அகப்படாமல் போகலாம். காய்ச்சாத பால் குடிப்பீர்களா, வீட்டில் யாருக்காவது டிபி உண்டா என்றும் கேட்டார். காய்ச்சாத பாலில் வரும் புருசெல்லா கிருமியும் காசநோயும் இதே மூட்டைப் பிடிக்கும், அவற்றுக்கு மருந்து வேறு, டிபி என்றால் ஒரு வருடம்கூட மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

அதற்குள் இடுப்புக்குள் இருக்கும் தசையிலும் சீழ் கட்டியிருந்தது. சி.டி.யில் பார்த்துக்கொண்டே ஊசி குத்தி எடுத்தார்கள். இன்னும் விட்டிருந்தால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். முதலில் ரத்தக்குழாய் வழியாக மருந்து, பிறகு மாத்திரை, மொத்தம் 6 வாரம். பத்தாம் நாள் வலி குறைந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றார், விடவில்லை. பாதியில் நிறுத்தினால் எலும்பிலேயே தங்கி மறுபடி கிளம்பும்.

இப்போது வேலைக்குப் போகிறார், ஆனால் மேடு ஏறும்போது இடது பக்கம் இழுக்கிறது. தடவிக் கழித்த அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை. சுளுக்குக்கும் பிடிப்புக்கும் தடவுவதை நான் குறை சொல்லவில்லை, ஒரே பக்கம் வலித்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது வேறு விஷயம் என்றுதான் சொல்கிறேன். எலும்பு மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் சொல்லுங்கள் ஐயா, வெட்டுக்குப் போகிறவர்களும் வாசிக்கிற மாதிரி எளிமையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்