மண் அட்டவணையில் விடுபடும் வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண் நயத்துக்கு (மணல், வண்டல், களி கலந்திருக்கும் அளவு) எதிரே நீர் கடத்துதிறனை, அதாவது மண் தன் வழியே நீரை விடும் வேகத்தைப் போட்டு அட்டவணை அச்சிடும்போது, ‘மண் முழுக்க நனைந்து நிறைந்திருந்தால் மட்டும்’ என்ற வரியையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள். அது விடுபட்டால், மணலில் நீர் எப்போதும் வேகமாகத்தான் போகும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார்.

மண் காயத் தொடங்கினால் முதலில் காலியாவது பெரிய துளைகள். மணலில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். ஒரு மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமமான உறிஞ்சுவிசையிலேயே (காயும் மண் நீரை இழுத்துப் பிடிக்கும் விசை), வண்டல் துகள் மிகுந்த மண்ணைவிட மணல் மந்தமாகிவிடுகிறது. தொட்டி அடியில் சரளை போட்டும் நீர் வடியாமல் நிற்பது இதனால்தான். மேல்மண் ஏறக்குறைய நிறையும் வரை சரளைக்குள் நீர் இறங்காது.

காயும் மண்ணின் கடத்துதிறனை நயத்திலிருந்து கணிக்க எளிய வழி, மண் ஆய்வாளர் கேம்ப்பெல் 1974இல் தந்த சூத்திரம். இப்போதைய ஈரத்தை நிறைநிலை (மண் முழுக்க நனைந்த நிலை) ஈரத்தால் வகுத்து, 2பி+3 என்ற அடுக்குக்கு (பி என்பது நயத்துக்கு ஏற்ப மாறும் எண்) உயர்த்தி, நிறைநிலைக் கடத்துதிறனால் பெருக்க வேண்டும். கிளாப், ஹார்ன்பெர்கர் இருவரும் 1978இல் தந்த சராசரிகளின்படி மணலுக்கு பி 4.05, நிறைநிலைக் கடத்துதிறன் மணிக்கு சுமார் 63 செ.மீ. களிக்கு 11.4, மணிக்கு 0.46 செ.மீ. ஈரம் பாதியானால் மணலின் கடத்துதிறன் ஏறத்தாழ 2,200இல் ஒரு பங்காகும், களியுடையது 5.8 கோடியில் ஒரு பங்கு!

அடுக்கு இவ்வளவு பெரிதாக இருப்பதால் சிறு பிழையும் பூதாகரமாகும். 105 டிகிரியில் உலர்த்தி எடுத்த எடை ஈரத்தை (உலர்மண் எடைக்கு நீரின் எடை விகிதம்) பரும அடர்த்தியால் (துளைகளையும் சேர்த்த மண்ணின் அடர்த்தி) பெருக்கிக் கொள்ளளவு ஈரமாக்காமல் (மண்ணின் கன அளவில் நீரின் பங்கு) சூத்திரத்தில் போட்டுவிடுவதே அடிக்கடி நடக்கும் தவறு. அடர்த்தி 1.3 உள்ள களியில் இதனால் விடை சுமார் 870 மடங்கு குறைந்துவிடும்.

நயத்தை அளப்பதிலும் பிழை வரும். ஹைட்ரோமீட்டரில் (நீரில் கலக்கிய மண் துகள்கள் படியும் வேகத்தைக் கொண்டு அவற்றின் அளவைப் பிரிக்க உதவும் கருவி) 2 மணி நேர அளவை மட்டும் நம்பினால், இன்னும் படியாத நுண்வண்டலும் களிக் கணக்கில் சேரும். ஆறு, எட்டு மணி நேரம் பொறுப்பது நல்லது. வண்டலின் மேல் எல்லை 0.02 மி.மீ. என்று கொள்ளும் முறையும் உண்டு, 0.05 என்று கொள்ளும் முறையும் உண்டு. முதல் முறையில் பிரித்த எண்ணை இரண்டாவதன் அட்டவணையில் இட்டால், வண்டலில் ஒரு பகுதி மணலாகிவிடும்.

இன்னொன்று, பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது. வெடிப்பு, வேர்த்துளை, மண்புழு வழி ஆகியவை நிறைநிலையில்தான் நீரை அள்ளிக் கொண்டு போகும். சற்று உலர்ந்ததும் அவை வெறுமை. ஆகவே வயலில் தேங்கவிட்டு அளந்த வேகத்தை அப்படியே சூத்திரத்தில் வைத்தால் உலர்நிலை விடைகள் எல்லாம் ஊதிப்போகும். வட்டு ஊடுருவுமானியில் (மண்மேல் வைத்து நீர் இறங்கும் வேகத்தை அளக்கும் கருவி) சில செ.மீ. உறிஞ்சுவிசை வைத்து அளந்து, அந்தப் புள்ளியிலிருந்து வளைவைத் தொடங்குவதே சரி.