எஞ்சின் மூடியைக் கழற்ற விடாதவரின் விமானத்துக்கு நம் இதழில் இடம் வேண்டாம்

நம் விமானம் கட்டுவோர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற மாத இதழின் விற்பனைப் பக்கத்தில் வந்த, வீட்டிலேயே கட்டிய ஆர்வி-6 என்ற சிறு விமானத்தைப் பார்க்கப் போய்த் திரும்பியவன் நான். இதுபற்றி ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். இரண்டும் கிடைத்ததாகச் சொன்னீர்கள், பதில் வரவில்லை. அதனால்தான் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். வாங்க வருகிறவர் தன் செலவில், தான் நம்பும் மெக்கானிக்கைக் கொண்டு விமானத்தைத் திறந்து பார்க்கச் சம்மதிக்கும் விற்பனையாளர்களின் விளம்பரங்களை மட்டும் வெளியிடுங்கள்.

மெக்கானிக் கிடைப்பதே எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் அலைந்தேன். நான்கு பேர் கைவிரித்தார்கள். “செஸ்னா என்றால் உடனே வருகிறேன், தொழிற்சாலைக் கையேடு இருக்கிறது. வீட்டில் கட்டியதை ஆளுக்கொரு விதமாகக் கட்டியிருப்பார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் வழக்கு என் தலையில் விழும்” என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாவதாகக் கேட்டவர் இரண்டு ஆர்விக்களைத் தன் கையால் கட்டியவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். ஒஹாயோவிலிருந்து மிசூரிக்கு ஒன்பது மணி நேரம் கார் ஓட்டிப் போனோம்.

விற்பவர் ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகையின் வாசலிலேயே நின்று அன்பாக வரவேற்றார், காப்பி கொடுத்தார். மெக்கானிக் கருவிப் பையைக் கீழே வைத்ததும் விற்பவர் எஞ்சின் மூடியின்மேல் கை வைத்துக்கொண்டார். “போன மாதம்தான் வருடப் பரிசோதனை முடிந்தது. நானே செய்து நானே கையெழுத்துப் போட்டேன். நான் கட்டியதை இன்னொருவர் பிரிக்க விடமாட்டேன்” என்றார். சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதிக்கக்கூடாது, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கக்கூடாது, வாலின் இணைப்பு மூடியையும் கழற்றக்கூடாது. வெளியிலிருந்து பார்க்கலாம், இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

என் மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, கருவிப் பலகைக்கு அடியில் தலையை நுழைத்தார். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, வாலின் திசைச்சுக்கானை இயக்கும் ரடர் பெடலைத் தாங்கும் ஒரு போல்ட்டின் தலையில் வெளிச்சத்தை நிறுத்தினார். விமானத்துக்கான எஃகு போல்ட்டின் தலையில் சிலுவை போன்ற குறி புடைத்திருக்கும். இதில் இருந்தவை நடுவிலிருந்து விரியும் மூன்று கோடுகள். இரும்புக் கடையில் கிடைக்கும் போல்ட் அது. விற்பவரிடம் காட்டினோம். “இத்தனை வருடமாகப் பறக்கிறது, கழன்று விழவில்லையே” என்றார். படுத்துப் பார்த்தால் தெரியும் இடத்திலேயே இப்படி என்றால், தரைத்தகட்டுக்கு அடியில் என்ன இருக்கும்? அந்தக் கேள்வியோடுதான் ஒன்பது மணி நேரம் திரும்பி வந்தோம்.

விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டியதில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. மூன்று ஆண்டுகளில் அந்த விமானம் பறந்தது வெறும் 11 மணி நேரம். அதில் இருக்கும் லைகாமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நாள்கணக்கில் ஓடாமல் நின்றால் அதன்மேல் இருக்கும் ஆயில் வடிந்து துரு ஏறும். பிறகு ஓடும்போது உலோகத் துகள்கள் உதிர்ந்து ஃபில்டரில் சேரும். ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்கள்தான் எங்களுக்கு மறுக்கப்பட்டன. அடுத்தது, வாலில் கிடையாக இருக்கும் சிறு இறக்கையின் முன்சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, ஆர்வி விமானங்களை வடிவமைத்த வேன்ஸ் நிறுவனம் 2014-இல் அறிவிப்பு வெளியிட்டது. அதைப் பார்த்ததாகப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.

“வருடப் பரிசோதனைக் கையெழுத்து இருக்கிறதே” என்று நீங்கள் சொல்லக்கூடும். பரிசோதித்த அன்று விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருந்தது என்பதற்கு மேல் அந்தக் கையெழுத்துக்குப் பொருள் இல்லை. கட்டியவர் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் வைத்திருந்தால் அதைத் தானே போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. அதே விமானத்தை வாங்குகிறவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. வாங்குவதற்கு முன் செய்யும் பரிசோதனை என்ற ஒன்றையோ அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏவின் விதிகள் வரையறுக்கவே இல்லை. விற்பவர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தில் நம் சங்கமாவது நிற்க வேண்டாமா?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குப் புதிதல்ல. 2011-இல் விபத்துக்குள்ளான சொந்தக் கட்டுமான விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை, ஓட்டியவர் கட்டாமல் இன்னொருவரிடமிருந்து வாங்கியவை. பாடகர் ஜான் டென்வரை 1997 அக்டோபரில் மான்டரே விரிகுடாவில் பறிகொடுத்தோமே, அவர் ஓட்டிய லாங்-ஈஸி என்ற விமானமும் இன்னொருவர் கட்டி, அவர் அப்போது அண்மையில் வாங்கியதுதான். எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றும் கைப்பிடியை, கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்கவில்லை. விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கைப்பிடியைத் திருப்ப முயன்றபோதுதான் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு சொல்கிறது. ஒருவர் கட்டிய விமானத்தின் விசித்திரங்கள் அவருக்குக் கைப்பழக்கம். அதை வாங்கி ஏறுகிறவருக்கு அவை தெரியாது. ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: திறந்து காட்டச் சம்மதிக்காத விமானத்துக்கு நம் இதழில் இடம் தராதீர்கள்.

ஐந்தாறு வருட மாலைப் பொழுதுகளைக் கொடுத்து ஒவ்வொரு ரிவெட்டாக அடித்துக் கட்டியவருக்கு, யாரோ ஒருவர் ஸ்பேனரோடு வந்து நின்றால் மனம் வலிக்கும். எனக்கும் அது புரிகிறது. ஆனால் நம் கூட்டங்களில் அந்த வலிக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது வாங்குகிறவரின் உயிருக்குக் கிடைக்க வேண்டும். “நம் ஆள்தானே, நம்பி வாங்கு” என்று தோளில் தட்டி அனுப்புகிறோம். கேள்வி கேட்பவனைச் சந்தேகப் பிராணி என்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பறக்கப்போகும் மனைவியும் பிள்ளையும் யாரை நம்பி ஏறுவார்கள்?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரித்ததை முன்போலவே பூட்டித் தருவதும் செலவை ஏற்பதும் வாங்குகிறவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். பரிசோதனை முடியும்வரை பக்கத்திலேயே நிற்கட்டும். இதற்கு விளம்பரப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: “வாங்குகிறவரின் மெக்கானிக் பரிசோதிக்கச் சம்மதிக்கிறேன்.”

இந்த மாத இதழ் நேற்று வந்தது. அதே ஆர்வி-6 விலை குறைந்து மீண்டும் வந்திருக்கிறது. குறைந்த விலையைப் பார்த்து யாரோ ஓர் உறுப்பினர் இந்த வாரமே புறப்பட்டுவிடக்கூடும். அந்த போல்ட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்வார்கள்? தயவுசெய்து அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் அந்த ஒரு வரியைச் சேருங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் சங்க உறுப்பினன்