ஏரிச் சேற்றை அள்ளுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர ஏரிகளைத் தூர்வாருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை லாரி சேறு அள்ளப்படும் என்ற கணக்கு இருந்தது. அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வண்டல் ஆய்வில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் மனம் பொறுக்கவில்லை.

படகிலிருந்து நீண்ட குழாயை இறக்கி, அடிவண்டலைக் கலையாமல் தூக்குவோம். மேலே கறுத்த கூழ், அழுகிய முட்டை நாற்றம். கீழே போகப்போக இறுகிய சாம்பல் நிறக் களி. அதை ஒவ்வொரு சென்டிமீட்டராகச் சீவி, எண்ணிட்ட பைகளில் வைப்போம். ஒவ்வொரு வில்லையும் ஏரியில் படிந்த சில ஆண்டுகள். 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் அவற்றின் வயதைச் சொல்லும். அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், 1963-ஐ ஒட்டிய அடுக்கில் உச்சம் காட்டி அந்தக் கணக்கைச் சரிபார்க்கும்.

ஈயம் கலந்த பெட்ரோல் 1923-இல் விற்பனைக்கு வந்தது. வண்டலில் ஈயம் ஏறுவதும், தடைக்குப் பின் இறங்குவதும் பல நகர ஏரிகளில் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஏரிகளிலோ ரோமானியர் காலத்து ஈயமே கிடைத்திருக்கிறது! ஆனால் டயர் தேய்மானத்தில் வரும் துத்தநாகத்துக்கு அப்படியொரு தடை வரவில்லை. களிமண் கூடிய அடுக்கில் உலோகம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால், களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தோடு ஒப்பிட்டுத்தான் மாசை மதிப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டு வெறும் அளவை மட்டும் அறிக்கையில் போடுவது பெரிய தவறு.

அந்த நாற்றத்தைச் சொன்னேன் அல்லவா? அது கந்தகத்தின் வேலை. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் ஈயத்தையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் கரையவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கந்தகம்தான். சேற்றை வாரிக் கரையில் காயப்போட்டால் காற்று பட்டு அந்தப் பிடி தளர்கிறது. அடுத்த மழையில் உலோகம் கரைந்து ஓடக்கூடும். உலோகம் மக்கிப் போகாது. எழுபது ஆண்டுக்கு முந்தைய தொழிற்சாலைக் கழிவு, ஆலையே இடிந்துபோன பிறகும், அரை மீட்டர் ஆழத்தில் அப்படியே இருக்கலாம். அதை உரமென்று நம்பி வயலில் கொட்டுவதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

தூர்வாரும் ஒப்பந்தம் போடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இயந்திரம் இறங்குமுன் ஏரியின் சில இடங்களிலாவது குழாய் மாதிரி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்காமல் ஆழவாரியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைக் குளிரறையில் பத்திரப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்