இருண்ட நாவல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு

அன்புள்ள பதிப்பாளர்களே,

டார்க் ஃபேன்டஸி, அதாவது இருள் சூழ்ந்த மாயக்கதைகள் என்றால் எனக்கு உயிர். ஊர் எரியட்டும், நாயகனே கொலைகாரனாக இருக்கட்டும். ஒரு வரியைக்கூட வெட்டச் சொல்லி நான் வரவில்லை. உள்ளே என்ன வருகிறது என்று எச்சரிக்கும் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லித்தான் வந்திருக்கிறேன்.

போன வருடம் வாங்கிய நாவலின் அட்டையில் ஒரு வாள், கீழே 'வயது வந்தோருக்கு' என்று ஒரு வரி. 312-ஆம் பக்கத்தில் ஒரு பெண், இறந்து பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பனியில் நடக்கிறாள். முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருக்கிறது. நின்று நின்று கட்டுகிறாள். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்கள். என் பிள்ளையை நான் பறிகொடுத்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்கு வயது வந்துவிட்டது, சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வரி சொல்லவில்லையே. 'இருண்ட காட்சிகள் உண்டு' என்று பொதுவாகப் போடுவதும் அப்படித்தான். சித்திரவதை, பாலியல் வன்முறை, தற்கொலை, சிசு மரணம் என்று பெயர் சொல்லிப் போடுங்கள். பேச்சுவாக்கில் வந்து போகிறதா, கண்முன்னே விரிவாக நடக்கிறதா என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

கதையின் ரகசியம் உடைந்துவிடும் என்பீர்கள். நியாயம்தான். பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போதும். மின்நூலின் இலவச மாதிரியில் கடைசிப் பக்கம் வராது, ஒலிநூலில் புரட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால் நூல் அறிமுகக் குறிப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கட்டும். பட்டியல் தர மனமில்லையென்றால் அதையாவது சொல்லிவிடலாம். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைகதைத் தளத்தில், எச்சரிக்கை தர விரும்பவில்லை என்று அறிவிக்கவே எழுத்தாளருக்குத் தனி வசதி உண்டு. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர் துணிந்துதான் போகிறார்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, எச்சரிக்கையால் மன உளைச்சல் குறைவதில்லை, முன்கூட்டியே பதற்றம்தான் சற்றுக் கூடுகிறது என்றது. இருக்கட்டும். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தை அந்த மாதம் அலமாரியிலேயே விட்டு, இந்த வருடம் எடுத்திருப்பேன். அந்த முடிவு என் கையில் இருந்திருக்கும்.

312-ஆம் பக்கத்தில் செருகிய அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. மிச்சத்தைப் படிக்கத்தான் போகிறேன். அடுத்த பதிப்பில் அந்த ஒரு பக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி