கருத்து கேட்டீர்கள், பதில் எங்கே?

கல்விக் கொள்கை வரைவுக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கருத்துக் கேட்பு முடிந்ததும் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கணக்கு வருகிறது. எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்ற விவரம் வருவதில்லை. எங்கள் கவலை அதுதான்.

2019 மே 31 அன்று வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவு 484 பக்கம். முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. கருத்துச் சொல்ல ஒரு மாதம் தந்து, பிறகு நீட்டித்தார்கள். ஆனாலும் மும்மொழித் திட்டத்தில் இந்தியை வலியுறுத்திய 4.5.9ஆம் பத்தி சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. எதிர்ப்பின் வலு முதற்காரணம். எல்லோரும் ஒரே பத்தியை எண்ணோடு சுட்ட முடிந்ததும் உதவியது. ‘தரமான கல்வி உறுதி செய்யப்படும்’ என்ற வரிக்கு யார் என்ன மறுப்பு எழுதுவது? மாணவர் இத்தனை பேருக்குக் குறைந்தால் பள்ளி வேறொரு பள்ளியோடு இணைக்கப்படும் என்று எண்ணோடு எழுதிப் பாருங்கள், ஊரே பதில் எழுதும். வரைவும் அதன் பத்துப் பக்கச் சுருக்கமும் எல்லா மாநில மொழிகளிலும் ஒரே நாளில் வரட்டும். அவகாசம் 90 நாள் வேண்டும், அதில் தேர்வு மாதம் சேரக்கூடாது.

இணையப் படிவத்தை மட்டும் நம்பினால், எழுதிப் பழகியவர்களின் குரலே வந்து சேரும். அரசுப் பள்ளிகளில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த மேலாண்மைக் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே கேளுங்கள். பகலில் கூட்டினால் அன்றைய கூலி போய்விடும் என்று வரமாட்டார்கள், மாலையில் கூட்டுங்கள். தலைமை ஆசிரியர் எதிரில் இருந்தால் பள்ளியின் குறையைப் பெற்றோர் சொல்லத் தயங்குவார்கள். எட்டுப் பேர் கொண்ட சிறு வட்டங்களாக, வெளியாள் ஒருவர் நடத்தட்டும். எழுதிய குறிப்பைக் கூட்டம் கலையும் முன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதைச் செய்யாத இடத்தில் ‘மக்கள் வரவேற்றனர்’ என்ற ஒற்றை வரிதான் மேலே போகும். மாணவர்களுக்கும் தனி அமர்வு வையுங்கள்.

2020 ஜூலை 29 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்த கொள்கைக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்ததாக அரசு சொன்னது. அவற்றில் எது எந்தப் பத்தியை மாற்றியது என்று கொள்கை ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. சட்ட வரைவுகளுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் இடுவது என்று 2014இலேயே மத்திய அரசு முடிவெடுத்திருக்கிறது. கொள்கைக்கு மட்டும் ஏன் கூடாது?

பத்தி எண், வந்த வாதம், குழுவின் முடிவு, காரணம் என்று நான்கு கட்டம் போட்ட ஓர் அட்டவணை போதும். ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் வந்தால் ஒரு வாதமாகப் பதிந்து, எண்ணிக்கையைப் பக்கத்தில் குறியுங்கள். ஓர் ஆசிரியர் மட்டும் சுட்டிய நடைமுறைச் சிக்கல் அந்த ஆயிரம் கடிதத்தையும்விட முக்கியமானதாக இருக்கலாம். ‘நிதி இல்லை’ என்று தள்ளினால் எவ்வளவு தேவை, எவ்வளவு இருக்கிறது என்று சேர்த்து எழுதுங்கள். அட்டவணை வெளியாகி மூன்று வாரம் கழிந்த பிறகே இறுதி வடிவம் அமைச்சரவைக்குப் போகட்டும். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வாதத்தை உரியவர்கள் திருத்த அந்த மூன்று வாரம் வேண்டும்.