ஸ்பீக்கரைத் திருப்பிக் கொண்டுவரும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் எங்கள் கடையில் வைஃபை ஸ்பீக்கர் வாங்கியவர்களில் சிலர், "போனில் பேரே காட்டவில்லை", "பாட்டு நடுவில் அறுந்துபோகிறது" என்று பெட்டியோடு திரும்பி வருகிறீர்கள். கடையில் போட்டுப் பார்த்தால் நன்றாகப் பாடுகிறது. பழுதே இல்லாத பொருளுக்காக உங்களை அலைய வைக்க மனம் வரவில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில் நாதஸ்வரம் கேட்காமல் அவருக்குக் காபி இறங்காது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. ரௌட்டர் ரேழியில் இருந்தது. கூடத்தில் ஒரு ஸ்பீக்கர், அடுக்களையில் ஒன்று. தவிலில் விழுந்த ஒவ்வொரு அடியும் இரண்டு இரண்டாகக் கேட்டது.

காரணம் இதுதான். பாட்டு சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஸ்பீக்கர் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடும். ஒரே குழுவில் சேர்த்த ஸ்பீக்கர்கள் தங்களுக்குள் கடிகாரத்தைச் சரிபார்த்து, ஒரே கணத்தில் ஒலிக்கும். போனிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டுப் போட ஆப்பிளின் வழி ஏர்பிளே, கூகுளின் வழி காஸ்ட். அங்கே இருந்ததில் ஒன்று ஏர்பிளே வகை, இன்னொன்று காஸ்ட் வகை. இரண்டு போனில் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் சேராது. இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கும்போது முதலாவது எந்த வகை என்று எங்களிடம் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஐபோனிலிருந்து ஏர்பிளேயில் போட்டால் பெரும்பாலும் போனேதான் பாட்டைச் சுமந்து அனுப்புகிறது. போனோடு நீங்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் பாட்டு நின்றுவிடும். ஆனால் போனில் சேமித்த பாட்டென்றால், மழையில் நெட் போனாலும் வீட்டு வைஃபையில் ஓடும். காஸ்ட்டில் போன் உத்தரவு மட்டும் கொடுக்கும். இணையத்திலிருந்து ஸ்பீக்கரே பாட்டை எடுத்துக்கொள்ளும். போனை அணைத்தாலும் பாடும், நெட் போனால் நிற்கும்.

பேர் காட்டாததற்கும் காரணம் எளிதுதான். "இங்கே ஸ்பீக்கர் யாராவது இருக்கிறீர்களா?" என்று போன் வீட்டு நெட்வொர்க்குக்குள் பொதுவாகக் கேட்கும். 224.0.0.251 என்ற முகவரிக்குப் போகும் அந்தக் கேள்வி ரௌட்டரைத் தாண்டி வெளியே போகாது. அதனால் போன் மொபைல் டேட்டாவிலோ விருந்தினர் வைஃபையிலோ இருந்தால் பதில் வராது. ஐபோன் என்றால், அந்த ஆப்புக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், பாட்டு அறுந்தால் உடனே பெரிய நெட் திட்டத்துக்கு மாறாதீர்கள். சிடி தரப் பாட்டுக்கே நொடிக்கு 1,411 கிலோபிட்தான் வேண்டும், அதாவது ஒன்றரை மெகாபிட்கூட இல்லை. தடை பெரும்பாலும் சுவர்தான். வைஃபை இரண்டு வகை அலையில் வரும்: 5 கிகாஹெர்ட்ஸ் அலை நம் ஊர்த் தடிச் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும். பெரியவர் வீட்டில் ரௌட்டரை ரேழியிலிருந்து எடுத்துக் கூடத்தில் முற்றத்து ஓரமாக வைத்தோம். முற்றத்தில் சுவர் இல்லை அல்லவா, அடுக்களைவரை சிக்னல் தடையில்லாமல் போனது.

கொல்லைவரை பாட்டு வேண்டுமென்றால் லேன் ஒயர் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதே சரி. கூப்பிடுங்கள், வந்து பார்த்துச் சொல்கிறோம். பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்