எந்த ஆய்வு சொல்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகுவலியால் தவித்த என் தாயாரை 24 அமர்வுகளுக்கு முன்பணம் கட்டச் சொன்னது, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீரமைக்கும் ஒரு கைரோபிராக்டிக் நிலையம். "இத்தனை அமர்வுகள் தேவை என்று எந்த ஆய்வு சொல்கிறது?" என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழைக் காட்டினார்கள்.

பட்டம் வாங்கிய ஆண்டோடு படிப்பு நின்றுவிடலாமா? 1895இல் அமெரிக்காவில் தொடங்கிய இத்துறை குறித்து இன்று முறையான ஆய்வுகள் வருகின்றன. 2017இல் ஜாமா மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, 26 சோதனைகளை அலசியது. அண்மையில் தொடங்கிய கீழ்முதுகு வலிக்கு, முதுகெலும்பைக் கையால் சீரமைக்கும் சிகிச்சை 6 வாரங்கள் வரை மிதமான பலன் தருவதாகக் கண்டது. மிதமான பலன்தான், அதிசயமன்று. அதை நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்பவரிடமே என் தாயாரை அழைத்துச் செல்வேன்.

இயன்மருத்துவர்களுக்கும் சீன மருத்துவர்களுக்கும் சிங்கப்பூரில் சட்டப்படிப் பதிவு உண்டு. கைரோபிராக்டிக் துறைக்கு இல்லை. தொடர்கல்வியைக் கட்டாயமாக்கும் பதிவுமுறையைச் சுகாதார அமைச்சு கொண்டுவர வேண்டும். அதுவரை நாமும் கேள்வி கேட்போம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் எளிய ஆய்வுச் சுருக்கங்கள் சில தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுப் பெரியவர்களுக்கு அவற்றை வாசித்துக் காட்டுங்கள்.

ஈசூன் வாசகர்